இன்னும் இல்லை

கௌகேனெஸ் தாண்டி முப்பது கிலோமீட்டர்,
பாதி தார், பாதி புழுதி.
முதல் வருஷம் இருநூறு கியாய்க் கன்றுகளை இறக்கி வைத்தேன்.
பட்டையை உரசினால் சோப்புப்போல் நுரைக்கிற மரம்.
எதுவினா செபுல்வேதா கையெழுத்துப் போட்டாள்,
பேனாவைத் திருப்பித் தர மறந்தாள்.

சிலேயில் அந்தப் பக்கம்
கோதுமை போட்டுப் போட்டுக் களைத்த சரிவுகள்,
தோலுரித்த முயல்போலக் கிடக்கும்.
மழை வந்தால் ஓடையில் செங்கல் கரையும்.
வெயில் வந்தால் மண் ஓடாகும்.
கோடை முடிந்தபோது பிழைத்திருந்தவை மூன்று,
மூன்றும் பாத்திரம் கழுவிய தண்ணீர் விழுகிற குழியோரம்.

மறு ஜூனில் மறுபடி இருநூறு.
"இறக்காதே" என்றாள்.
கடப்பாரையை ஓங்கிக் குத்தினாள்,
ணங்கென்று கை அதிர்ந்தது.
"ஒரு விரல் ஆழம். பார்த்தாயா?
இதற்குள் எந்த வேர் கால் நீட்டும்?"
டீசல் காசு யார் தருவது என்றேன்.
பேனாவைத் தந்தாள்.

கன்றுக்குப் பதில் அவள் லூபின் விதைத்திருந்தாள்,
ஊடே ஊடே ஓட்ஸ்.
"ஆடும் தொடாத கசப்புக்கு உழவு ஒரு கேடு" என்றான்
பக்கத்துக் காட்டு எர்மோஹெனெஸ்.
ஆகஸ்டில் அவ்வழியே போனேன்:
விரித்த கை மாதிரி இலைகள்,
ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஒரு சொட்டு மழை.
லாரியை நிறுத்தவில்லை. கோபம் இருந்தது.

செப்டம்பரில் நிறுத்த வேண்டியதாயிற்று.
சரிவு முழுக்க நீலம்,
நீலத்தின் நடுவே அரிவாளோடு அவள்.
"பூவிலா அறுக்கிறாய்?"
"காய்க்க விட்டால் எல்லாம் விதைக்குள் ஏறிவிடும்.
எனக்குக் கீழே வேண்டும்."
ஒரு செடியைப் பிடுங்கினாள்.
வேரின் கழுத்தைச் சுற்றிப் பருப்பருவாய் முடிச்சுகள்,
நகத்தால் கிள்ளினால்
உள்ளே குழந்தையின் ஈறு நிறம்.
இதைப் பார்த்தபின்தான் எனக்குப் பேச வரவில்லை.

அப்போது மூச்சிரைக்க ஓடிவந்தவன் எர்மோஹெனெஸ்.
அவனுக்குப் பதினோரு தேன்பெட்டி.
ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், என்று கெஞ்சினான்.
கீழ்ச்சரிவை விட்டுக் கொடுத்தாள்.
அந்த வருஷத் தேன் கசந்ததா என்று
அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அறுத்ததை அள்ளவில்லை, எரிக்கவில்லை.
கிடந்த இடத்திலேயே கறுத்தது, நொறுங்கியது,
அதன் மேலேயே அடுத்த விதைப்பு.
மூன்றாம் ஜூனிலும் போன் செய்தேன்.
"இன்னும் இல்லை."
வைத்துவிட்டாள்.

நான்காம் ஜூனில் அவளே அழைத்தாள்.
வாசலில் கடப்பாரையை என் கையில் திணித்தாள்.
பழைய ஞாபகத்தில் முழுப் பலத்தோடு குத்தினேன்,
தடுக்க எதுவும் இல்லை,
முழங்கை மட்டம் இறங்கிவிட்டது இரும்பு,
நானும் கூடவே விழுந்தேன்.
முகத்துக்கு நேரே மண்.
மழை நனைத்த பழைய மரப்பெட்டியின் வாசனை.
நுனியில் ஒரு மண்புழு, என் அவசரத்தில் இரண்டாகி.

"இறக்கு" என்றாள்.
நூற்றிருபதுதான் கொண்டுபோயிருந்தேன்,
இந்த முறையும் வேண்டாமென்பாளோ என்று.
திட்டினாள். நியாயம்தான்.
எத்தனை பிழைக்கும் என்று கேட்டதற்கு
கன்றின் பையைக் கிழித்துக்கொண்டே,
நிமிராமல்,
"ஏப்ரலில் கேள்."