நாலாவது கரண்டி

தேன் பதம் வர வேண்டும் என்கிறது குறிப்பு.
எந்தத் தேன்?
மூதூர்க் காட்டுத் தேன்
போத்தலைச் சரித்தால் ஓடிவிடும்.
கடைத் தேன்
கவிழ்த்துப் பிடித்தாலும் யோசித்து யோசித்துத்தான் இறங்கும்.
இரண்டையும் விட்டு
நான் வெண்டிக்காயை வைத்துக்கொண்டேன்:
வெட்டின கத்தியிலிருந்து நூல் இழுபட்டு
அறுந்து
அறுந்த நுனி மேலே சுருள வேண்டும்.
சவர்க்காரமும் அப்படி.

உப்புவெளி விடுதிக்கு இருபத்தைந்து லீற்றர்,
காலை ஒன்பது மணிக்கு.
மேலாளர் துஷாந்த வாசம் பார்க்கமாட்டான்,
நிறம் பார்க்கமாட்டான்.
ஒரு தரம் அழுத்தி உள்ளங்கையில் வாங்குவான்.
விரலிடுக்கால் ஒழுகினால்
அடுத்த மாதம் கொழும்பிலிருந்து இறக்குவான்.

நீலப் பீப்பாவில் நுரைக்களி கரைந்து முடியப் பின்னேரமானது.
மிஸ்ரியா துடுப்புப் பிடித்தாள்.
அவசரப்பட்டால் நுரை எழும்பும்,
நுரை எழும்பினால் பதம் தெரியாது.
நான் உப்பு.

முதல் கரண்டிக்கு ஒன்றுமில்லை.
இரண்டாவதுக்குத் துடுப்புப் பாரமானது.
மூன்றாவதுக்குப்
பீப்பா முழுக்க ஒரே உடம்பாய்த் திரும்பியது.
தூக்கிப் பார்த்தாள். நூல். அறுந்தது. சுருண்டது.

ஆனால் கொப்பி நாலு என்றது.
என்னுடைய கையெழுத்து. நம்பினேன்.

"கை லேசாகுது" என்றாள்.
எட்டிப் பார்த்தேன்.
இருபத்தைந்து லீற்றர் தண்ணி,
வெட்கமில்லாமல் தளதளத்துக்கொண்டு.

போடப் போட இறுகும் என்றுதான் இருந்தோம்.
உப்பு ஒரு மட்டும் ஏறும்,
உச்சியில் கொஞ்சம் நிற்கும்,
பேந்து மற்றப் பக்கத்தால் இறங்கிப் போய்விடும்,
சொல்லாமல்.

நீ கும்பி போட்டாய் என்றாள்.
நீ எண்ணவில்லை என்றேன்.
போன முறை லேபல் செலவு யார் கொடுத்தது என்பதுவரை போனோம்.
பிறகு கதையில்லை.
நிலாவெளி பஸ் ஒன்று போனது. இன்னொன்று.

வாய் கொப்பளிக்கப் போனவள்
துப்பிவிட்டு அப்படியே நின்றாள்.
"இந்தத் தண்ணியிலயா கரைச்ச நீ?"

விடியவே குழாய் வரவில்லை.
கிணற்றில்தான் அள்ளி ஊற்றினேன்.
முப்பத்தொரு வருசம் இந்தக் கிணற்றில் தேத்தண்ணி குடிக்கிறேன்,
உவர் என்று என் நாக்கு ஒரு நாளும் சொன்னதில்லை.
கந்தளாய்க் குளத்துத் தண்ணியில் வளர்ந்தவளுக்கு
ஒரு மிடறு போதுமாயிருந்தது.

எனக்கு முன்னமே
கிணறு ஒரு கரண்டி போட்டிருக்கிறது.

பக்கத்து மோட்டார் திருத்துகிற கடைத் தாங்கியில்
கடனாய்ப் பன்னிரண்டு லீற்றர் நல்ல தண்ணி.
அடுத்த ஓடருக்கென்று ஒளித்து வைத்த களியை
அதில் கரைத்து, உப்பே காட்டாமல்,
கோப்பை கோப்பையாகப் பீப்பாவுக்குள் விட்டோம்.
கரண்ட் போனது. வந்தது.
பத்தரைக்கு மிஸ்ரியா ஒன்றும் சொல்லாமல்
துடுப்பை என் கையில் தந்தாள்.

பாரம்.

கைபேசி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தோம்.
இழுபட்டது, அறுந்தது,
அந்த நுனி போன பாதையை
இரண்டு பேரும் வாய் திறந்து பார்த்தோம்.

காலையில் துஷாந்த ஒரு தரம் அழுத்தினான்.
இன்னொரு தரம்.
லேபல் கோணல் என்றான்.
காசு தந்தான்.

இப்போது பன்னிரண்டு லீற்றர் மிச்சம்,
கேட்க ஆளில்லை.
மிஸ்ரியா தன்னுடைய பங்கில்
ஓட்டோவைக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

கொப்பியில் வெட்டி எழுதினேன்:
குழாய் என்றால் நாலு.
கிணறு என்றால் மூன்று, தலை தட்டி.
மாரிக்கு

அதை எழுதாமல் விட்டிருக்கிறேன்.
மழை விழுந்தால் கிணறு கொஞ்சம் மாறுமாம்.
எவ்வளவு என்று
என் நாக்கைக் கேட்டுப் பயனில்லை.