புதன்கிழமைத் தாள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
ஒருநாள் விடுப்புக்கு விண்ணப்பம் மூன்றே வரி.
அந்த ஒருநாளுக்கான திட்டமோ
தாளின் இரு பக்கமும் நிறைந்து
இப்போது ஓரத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது.

"மீன் பிடிக்கவா, கல்யாணம் பேசவா?"
என்கிறார் முகுந்தன்.
குளிர்பெட்டியில் தோசைமாவுக்குப் பக்கத்தில்
இரைமாவு இருப்பதை இன்னும் பார்க்காதவர்.
இரண்டு நாள் பழைய ரொட்டி, தேங்காய்ப்பால்,
ஒரு முட்டை, பாண்டான் இலைச் சாறு.
வேலைப் பழக்கம், டப்பாவில் ஸ்டிக்கர்:
தேதி, நேரம், என் கையெழுத்து.
போன தடவை ஒட்ட மறந்தேன்.
நாத்தனார் நாலு பணியாரம் சுட்டுவிட்டாள்.
நன்றாகவே இருந்ததாம்.

நாலரைக்கு எழ வேண்டும்.
செந்தூலிலிருந்து சுங்கை பூலோ
அந்நேரத்தில் இருபத்தைந்து நிமிடம்.
ஆறரைக்குக் கிளம்பினால்
கோலாலம்பூர் முழுக்க ஒரே சிவப்பு பிரேக் விளக்கு.

நர்சரிகளுக்குப் பின்னால் பழைய ஈயக்குட்டை.
மேற்குக் கரையில் நில்.
வெயில் கண்ணில் குத்தும், குத்தட்டும்,
நிழல் முதுகுக்குப் பின்னால் விழும்.
விடியலுக்குப் பச்சை ரப்பர் தவளை.
வெள்ளைத் தவளையைத் தோமான்
மூன்று முறை வந்து பார்த்துவிட்டுப் போனது,
பெண் பிடிக்காத மாப்பிள்ளை வீட்டார்போல.

சிவந்த குஞ்சுகள் தண்ணீர் கொதிப்பதுபோல்
மேலே வந்தால்
அடியில் தாய் இருக்கும்.
வீசினால் நிச்சயம் கவ்வும்.
இந்த வரிக்கு எதிரே
இன்னும் எதுவும் எழுதவில்லை.

பத்துக்கு மேல் தவளையை எடுத்து வை.
ஆழத்தில் கிடக்கும் பாத்தீனுக்கு
பாண்டான் உருண்டை, சுண்டைக்காய் அளவு.
நெல்லிக்காய் அளவு உருட்டியது வாய் லியோங்.
கரைந்த மாவில் சிறு மீன்கள் விருந்து சாப்பிட்டன.
மதியம் நாசி லெமாக் இரண்டு பொட்டலம்,
ஒன்றில் சம்பல் வேண்டாம், அவருக்கு வயிற்றுப்புண்.

மூன்றரை அளவில் மழை.
முதல் இடிக்கே கோலைப் படுக்க வை.
கார்பன் கோல் என்பது
மின்னலை நோக்கி நாமே நீட்டும் விரல்.
மழை விட்டதும் சாக்கடை வாய்க்கால்
குட்டையில் சேரும் முனைக்கு ஓடு.
புதுத்தண்ணீருக்குக் கெளுத்தி வரும், விரால் வரும்,
நாற்பது நிமிடம், அவ்வளவுதான்.
முழுநாள் என்பதே இந்த நாற்பது நிமிடம்.
மீதியெல்லாம்
அந்நேரம் அங்கே நிற்பதற்குக் கொடுக்கும் வாடகை.

பதினொன்று ஐந்துக்குப் போன்.
வாய் லியோங். மகளுக்குக் காய்ச்சல்,
முப்பத்தொன்பதுக்குக் கீழே இறங்கவில்லை, இன்று மூன்றாம் நாள்.
எங்கள் இருவருக்கும் பொதுவான மலாயில் சொல்கிறேன்:
காலையில் முதல் வேலையாக ரத்தம் கொடுங்கள்.
நீங்கள் இருப்பீர்கள்தானே என்கிறார்,
பிறகு தானே நினைவு வந்து
சிரிக்கப் பார்க்கிறார்.
ஃபரீடா இருப்பாள், என் பெயரைச் சொல்லுங்கள் என்கிறேன்.
வலை அவர் காரில் இருக்கிறது. குடையும்.
அதை இருவருமே பேசவில்லை.

மறுபடி தாள்.
வலை இல்லாமல் தனி ஆளாய்த் தோமானைக் கரையேற்ற
சரிவான இடம் வேண்டும், ஈரத்துண்டு வேண்டும்,
அது களைக்கும்வரை நான் களைக்காமல் இருக்க வேண்டும்.
ஒரு பொட்டலத்தை அடித்தேன்.
பத்து என்று எழுதிய இடத்துக்கும்
மதியத்துக்கும் நடுவே இடம் தேடி
பொடி எழுத்தில் எழுதுகிறேன்:

பதினொன்றேகால். கையைக் கழுவு.
பிளேட்லெட் எண்ணிக்கை வரும் நேரம்.
மீன் இழுத்தாலும்
முதலில் போனை எடு.