பட்டாணி அளவு

புதுவயலில் நெல் வேகும் வாடை
மருந்துக்கடைக்குள்ளும் வரும்.
இருமல் டானிக்கின் மூடியைத் திறந்தாலும்
மூக்குக்கு முதலில் புழுங்கல்தான்.

அடைக்கி சீட்டுக் கொண்டுவருவதில்லை.
டியூப்பின் வாலைக் கொண்டுவருவாள்.
சுருட்டிச் சுருட்டி, கடைசியில் பல்லால் கடித்து
உள்ளிருந்ததையெல்லாம் எடுத்த பிறகு
பெயர் மட்டும் மிச்சமிருக்கும் வால்.
"இதே மாதிரி."

அதில் மூன்று சாமான்.
ஒன்று, கறுப்பை ஊறவிடாது.
ஒன்று, தோலை உரிக்கும்.
இன்னொன்று
அந்த இரண்டும் செய்கிற எரிச்சல் வெளியே தெரியாமல்
வாயைப் பொத்தும்.
இரவில் மட்டும், பட்டாணி அளவு,
டாக்டர் சொன்ன வாரங்களுக்கு மேல் வேண்டாம் என்று
சிவப்புக் கோடு போட்டு அச்சடித்திருக்கிறார்கள்,
எறும்பு படிக்கிற எழுத்தில்.

அடைக்கி காலையிலும் பூசுகிறாள்.
இது மூன்றாவது வருஷம்.

முதல் மாதம் அவள் கன்னத்து மங்கு தெளிந்தபோது
மில்லே பார்த்தது.
அடுத்த சம்பளத்துக்கு ஏழு பேர் வந்தார்கள்.
முதலாளி சொர்ணலிங்கம் பெட்டியாகவே வாங்கிப் போட்டார்,
குளுக்கோஸ் பாக்கெட்டுக்குப் பக்கத்தில்.
எடுத்துக் கொடுத்தது நான்.
பில் போடவில்லை.
(இந்த ஒரு வரிக்காகத்தான்
மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.)

இப்போது அவள் கன்னத்தில்
நூல்நூலாகச் சிவப்பு நரம்பு.
தாடை ஓரத்தில் பூனைமயிர்.
மங்கோ
வட்டிக்குக் கொடுத்தவன் மாதிரி
பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.
இரண்டு நாள் விட்டால் முகம் தீயாய் எரிகிறதாம்,
அதனால் பூசுகிறாளாம்.

"வெயில்ல போகாத, அடைக்கி" என்றேன்.
சொல்லி முடிக்குமுன் எனக்கே நாக்குக் கூசியது.
அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி
காலால் கிண்டிவிடுவது அவள் வேலை.
வெயில் இல்லாத அன்றைக்குக் கூலி இல்லை.

சன்ஸ்கிரீன் நானூற்று அறுபது.
ஒருமுறை கையில் வாங்கி, விலையைப் பார்த்து,
அடுத்தவர் குழந்தையைத் திருப்பித் தருவதுபோல்
பதனமாக நீட்டினாள்.

வியாழக்கிழமை காரைக்குடிக்கு
மதுரையிலிருந்து தோல் டாக்டர் வருகிறார்.
கூட்டிப் போனேன்.
அவளுக்கு ஒருநாள் கூலி போச்சு, எனக்கு அரைநாள்.
டாக்டர் ஜன்னல் பக்கம் அவள் முகத்தைத் திருப்பி
ரொம்ப நேரம் பார்த்தார்.
ஒரேயடியாக நிறுத்தினால் வீங்கும், கொஞ்சம் கொஞ்சமாய் விடணும்.
வேறொரு களிம்பு எழுதினார்.
தலைத்துணியைப் புருவம்வரை இறக்கிக் கட்டச் சொன்னார்.
"முழுசாப் போயிரும்னு சொல்ல மாட்டேம்மா."
பிறகு, பேனாவை மூடாமல்,
"இத யாரு குடுத்தா?"

அடைக்கி என் பக்கம் திரும்பவில்லை.
"ஏதோ ஒரு கடையிலங்கய்யா."

திரும்பி வரும் பஸ்ஸில்
வெயில் விழும் பக்கம் நான் உட்கார்ந்தேன்.
அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.
கோட்டையூர் தாண்டியதும் தூங்கிவிட்டாள்,
மாத்திரைக் கவரை மடிக்குள் செருகிக்கொண்டு.

சாயங்காலம் கடையில்
காலேஜ் பை மாட்டிய பெண் ஒருத்தி.
சுத்தமான தோல், சின்னதாய் ஒரு பரு வடு.
உள்ளங்கையை விரித்தாள்.
சுருட்டிய வால்.
"இதே மாதிரி, அக்கா."

பெட்டியில் இன்னும் நான்கு இருந்தன.

"சீட்டு இருக்கா?" என்றேன்.
கணக்கு நோட்டிலிருந்து
சொர்ணலிங்கம் தலையைத் தூக்கினார்.