வியாழக்கிழமை தண்ணீர் வராது

யதுசா எழும்பி நடந்த அன்றைக்கு
நான் நாலு காலில் இறங்கினேன்.
குசினியிலிருந்து கூடம்வரை தவழ்ந்து பார்த்தால்
நாங்கள் வாடகைக்கு எடுத்தது வேறொரு வீடு.
மேசைக்கு ஒரு அடிப்பக்கம் இருக்கிறது. அதில்
யாரோ ஒட்டிவிட்டுப் போன பபிள்கம் இருக்கிறது.
பிரிட்ஜுக்குப் பின்னால் தோல் உரிந்த வயர்,
வயரின் மேல் எறும்பு ஊர்வலம்.
அலுமாரிக்குக் கீழே
போன வருடம் தொலைந்த இரண்டு ரூபாய்க் குத்தி,
அவளுடைய தொண்டைக்கு அளவெடுத்து அடித்ததுபோல.

சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று
ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார் ஜோக்கிம் மாஸ்டர்.
ஆகவே எல்லாம் கயிறு.
படகில் போடுகிற முடிச்சாலேயே கட்டினேன்
லாச்சியை, மருந்து அலுமாரியை,
காஸ் சிலிண்டரை, அரிசிப் பெட்டியின் மூடியை.
உப்பு எடுக்கக் கஜேந்தினிக்கு
ஐந்து நிமிடம் பிடித்தது.
"திமிங்கிலத்தையா அடைச்சு வைச்சிருக்கிறியள்?" என்றாள்.

சோடாப் போத்தலில் இருந்த பினைலை
அன்றைக்கே கொட்டினேன்.
படலைக்குக் குறுக்கே பலகை வைத்தேன்.
அவள் வெளியே போகவில்லை.
மான்தான் உள்ளே வந்தது.
கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்.
ஒரே பாய்ச்சலில் பலகையைத் தாண்டி
கொடியில் காய்ந்த நாப்கினைச் சப்பிக்கொண்டு
என்னைப் பார்த்தது,
வேலை பார்க்க வந்த ஓவசியர்போல.

என் தொழில் வேறு.
வைகாசியிலிருந்து ஆவணிவரை
உப்புவெளியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு
திமிங்கிலம் காட்டப் போவேன்.
பதினெட்டு லைஃப் ஜாக்கெட்.
கரையில் எண்ணுவேன்,
கரை மறைந்த பிறகு இன்னொருக்கால் எண்ணுவேன்.
அடி தெரியாத தண்ணீர் அது.
அதோடு எப்படி நடக்கவேண்டுமென்று எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை.
குழாய் திருத்தமாம், எட்டு மணியிலிருந்து தண்ணீர் இல்லையாம்.
ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போனார்களாம்.
முகமெல்லாம் சவர்க்காரத்தோடு நின்று
நீர் வழங்கல் சபையை, அதன் பைப்பை,
முதல் நாளே வாளியை நிரப்பி வைக்காத என்னை,
எல்லாரையும் ஏசினேன்.

பத்தரைக்குக்
குளியலறைக் கதவு அடித்துச் சாத்திய சத்தம்.
கூடவே கொழுக்கி விழுந்த சத்தம்.
என் நெற்றி உயரத்தில் இருந்தது அந்தக் கொழுக்கி.
தவழ்ந்து தேடியவனின் கண்ணில் படவில்லை.

உள்ளே பிளாஸ்டிக்கில் கை தட்டியது கேட்டது.
வாளி நகர்ந்தது கேட்டது.
பிறகு ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லையைப் பற்றி
நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன்.

ஸுஹைதா ராத்தா
மதிலுக்கு மேலால் தன் மகனைத் தூக்கித் தந்தா.
இம்தாத், ஒன்பது வயது, ஒல்லி.
காற்றுவர விட்ட சின்ன ஜன்னலுக்குள்
தலை, பிறகு ஒரு தோள், பிறகு நெடுநேரம் மற்றத் தோள்.
கொழுக்கி எழும்பியது.

வாளிக்குள்ளே தலை.
வெளியே இரண்டு கால்.
உள்ளுக்கிருந்து "ஊ" என்றாள் யதுசா.
வாளி திருப்பி "ஊ" என்றது.
அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு.

அடியில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

கஜேந்தினி பிள்ளையை வாங்கிக்கொண்டாள்,
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
இம்தாத் உரசின முழங்கையை நீட்டிக்கொண்டு நின்றான்.
மருந்து அலுமாரியின் முடிச்சு
எனக்கே அவிழவில்லை.
கடைசியில் ராத்தா கத்தி கொண்டுவந்து அறுத்தா.

பின்னேரம் ஐந்து மணிபோல
பைப் இரண்டுதரம் இருமியது.
காலையில் திறந்தது திறந்தபடி,
அதற்குக் கீழே வாளி வைத்தது வைத்தபடி.
சத்தம் பிடித்து நான் ஓடிப்போய்ச் சேர
ஒரு சாண் ஏறியிருந்தது.