இருபத்தைந்து சென்ட்

சீமைக் கருவேலத்தை நட்டதாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை.
சாயல்குடி தாண்டினால் அது மட்டும்தான் நிற்கிறது.
வெட்டி, அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மண் பூசி,
மூச்சுக்கு மட்டும் வழி விட்டு
எட்டு நாள் மூட்டம் போடுகிறாள் பூமயில்.
வெள்ளைப் புகை நீலமாகும் நேரம்
அவளுக்குத் தெரியும். எனக்குக் கடிகாரம் வேண்டும்.

அவளிடம் மூட்டை வாங்கி
இன்னொரு முறை சுடுகிறவன் நான்.
தொள்ளாயிரம் டிகிரியில் நீராவி விட்டால்
கரி தன்னைக் கொஞ்சம் இழக்கும்.
எடை பாதியாகும்.
போன பாதிதான் சரக்கு.

புரையோடிப் போச்சு என்று
பல்லைச் சொல்வோம், சொசைட்டியைச் சொல்வோம்.
நான் அதற்குத்தான் பில் போடுகிறேன்.

ஒரு கிராம் தூளை அவள் உள்ளங்கையில் கொட்டி
உள்ளே இருக்கிற சுவரையெல்லாம் பிரித்து விரித்தால்
ஆயிரம் சதுர மீட்டர் என்றேன்.
சென்ட்டுல சொல்லு, என்றாள்.
இருபத்தஞ்சு வரும்.
கையை மூடிக்கொண்டாள்.
"பட்டா யாரு பேர்ல?"

மூக்கையூரில் இறால் குஞ்சுப் பண்ணை.
கடலை அப்படியே உள்ளே விட முடியாது;
விசைப்படகு டீசல் அதன்மேல்
மயில்கழுத்து நிறத்தில் மிதக்கும்.
என் கரி அடைத்த மூன்று பீப்பாய்களைக் கடந்துதான்
கடல் தொட்டிக்கு வர வேண்டும்.
கரி எதையும் குடிப்பதில்லை.
குடிப்பது பஞ்சு.
கரி சும்மா சுவரைக் காட்டும்,
வந்தது வந்து ஒட்டிக்கொள்ளும்,
காலி பஸ்ஸில் ஜன்னலோரம் பிடிப்பது போல.
பரப்புக் கவர்ச்சி என்று பாடத்தில் பேர்.
ஐந்து மதிப்பெண் கேள்வி.
ஏதோ சினிமா போஸ்டர் சமாச்சாரம் என்று
கடைசி பெஞ்சில் சிரித்தோம்.

தடைக்காலம் அறுபத்தொரு நாளும்
பீப்பாய்களுக்கு வேலையில்லை.
படகுகள் இறங்கிய ஒன்பதாம் இரவு,
மணி மூன்று நாற்பது,
மூன்றாவது குழாயில் மூக்கை வைத்தேன்.
கருவி ராமநாதபுரத்தில் இருக்கிறது.
லேசாக,
மிக லேசாக,
பெட்ரோல் பங்க்.

இடம் தீர்ந்துவிட்டது.
கரி அதைச் சொல்வதில்லை.
நேற்று வரை எல்லாவற்றையும் பிடித்தது,
இன்று எல்லாவற்றையும் விடுகிறது,
முகத்தில் அதே கறுப்பு.

வால்வை அடைத்தேன்.
சந்தியாகு தொட்டிக்குள் டார்ச் அடித்தார்.
இமை மயிர் அளவு குஞ்சுகள்,
கண்கள் மட்டும் லட்சக்கணக்கில் மினுங்கின.
"நீந்துது. நீ போய்த் தூங்கு," என்றார்.
தூங்கவில்லை.

விடிந்ததும் பழைய கரியை அள்ளிச் சாக்கில் கட்டினோம்.
வாங்கியதில் எதையும் அது அழிக்கவில்லை,
வைத்திருக்கிறது.
சூடு காட்டினால் ஒன்றுவிடாமல் கக்கிவிடும்.

பூமயிலுக்குப் போன் போட்டு
இருபது மூட்டை என்றேன்.
"சென்ட்டுக்கு எவ்வளவு போடுவ?"
இப்போதெல்லாம் அப்படித்தான் கேட்கிறாள்.
பதில் சொல்லாமல் சிரித்து வைத்தேன்.

சாக்குகள் உலைக்குப் பக்கத்தில் கிடக்கின்றன.
கச்சான் காற்று வீசுகிறது.
அது போகிற பக்கத்தில்தான் அவள் மூட்டம்.
திரும்பட்டும் என்று
மூன்று நாளாக உலையைப் பற்றவைக்கவில்லை.