பொறுமையிழக்கும் வீதம்

மஞ்சக்குப்பம் காப்பீட்டு அலுவலகத்தில்
டோக்கன் நாற்பத்தேழு எழுந்து போய்விட்டார்.
நாற்பத்தாறு இன்னும் என் எதிரில்தான்:
இறந்தவர் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

கைப்பேசி அதிர்ந்தது. யெந்துபே.
ஒன்பது வருடம் கழித்து
முதல் வரியே கணக்கு:
"உன் பழைய நோட்டில் துணைத்தேற்றம் நான்கு,
சமனிலி எந்தப் பக்கம் பார்க்கிறது?"
நலமா என்பது மூன்றாம் வரியில்.

காலாப்பட்டில் இரண்டு மேசை கொண்ட அறை.
ஜன்னலில் சவுக்கு, அதற்கப்பால் கடல் என்பார்கள்.
நாங்கள் பார்த்தது வெள்ளைப் பலகையைத்தான்.
வருகிறவர்களுக்கு லாம்டா,
கவனித்து அனுப்பும் வேகத்துக்கு மியூ,
காத்துச் சலித்துப் பாதியில் கிளம்புகிறவர்களுக்குத்
தீட்டா.
அவனுக்கு அந்தக் கடைசி எழுத்தின் மேல் பித்து.

டோகோவின் வடக்கே, தபாங்கிலிருந்து வந்தவன்.
பிரெஞ்சு தெரிந்த ஊர் என்று நம்பி வந்தான்.
தெருப்பலகைகளுக்குத் தெரிந்திருந்தது.
பென்ஷன் வரிசையில் ஒரு கிழட்டு சொல்தாவுக்கும்.

வரிசைகளைப் படிக்க வந்தவன்
வரிசையில் நின்றே படித்தான்.
விசா நீட்டிப்பு. மெஸ். வராத உதவித்தொகை.
வாடகைக்கு என்று பலகை தொங்கும் வாசல்களில்
"இப்பதாங்க போச்சு", ஏழு முறை.
பஸ்ஸில் அவன் பக்கத்து இருக்கை
கடைசியில்தான் நிரம்பும்.
அதையும் குறித்துவைத்திருந்தான்:
காலாப்பட்டு முதல் புது பஸ்டாண்டு,
முப்பத்தோரு பயணம்,
சராசரி பதினேழு நிமிடம்.
"அடுக்குக்குறிப் பரவல் இல்லை" என்றான், சிரிக்காமல்.
"மாதிரி போதாது" என்றேன்.
வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று
பிற்பாடு பல இரவு யோசித்தேன்.

தானே புயலுக்குப் பிந்தைய வாரம்,
கரண்ட் இல்லாத அறையில்
அவன் டார்ச் பிடிக்க நான் எழுதியது
அந்தத் துணைத்தேற்றம்.
அதே வாரம் பண்ருட்டியில் எங்கள் முந்திரி
ஒன்று விடாமல் சாய்ந்து கிடந்தது.
புதுக்கன்று காய்க்கும்வரை கடன் காத்திருக்காது.
அடுத்த ஆடியில் காப்பீட்டுத் தேர்வு எழுதினேன்.
அவன் வழியனுப்ப வரவில்லை;
பலகையில் தீட்டாவை மட்டும் வட்டமிட்டிருந்தான்.

இப்போது நீளமாக எழுதுகிறான்.
பட்டத்தோடு திரும்பினான். அது பட்டம்தானா என்று முடிவுசெய்ய
ஐந்து பேர் குழு, இரண்டு வருடம்.
அதுவரை பள்ளிக்கூடத்தில் பின்னங்கள்.
இன்று காரா பல்கலைக்கழகத்தில்
முதலாம் ஆண்டுக்கு அறுநூற்று நாற்பது பேர்,
மைக் ஒன்று.
ஆய்வு? ஞாயிறு மதியம், மகள் தூங்கும் நேரம்.
"லாம்டா மியூவை எப்போதோ தாண்டிவிட்டது.
ஆனாலும் எஸ்ஸோஹனாம் என்று ஒருத்தி,
என் முதல் ஆய்வு மாணவி.
தபாங் மருந்தகத்தில் பிள்ளையோடு காத்திருந்து
பார்க்காமலே திரும்பும் தாய்மார்களை எண்ணுகிறாள்.
உன் சமனிலி இல்லாமல் அவள் நான்காம் அத்தியாயம் நகராது.
யார் பெயர் போடுவது என்று கேட்கிறாள்.
நீதான் எங்கும் வெளியிடவில்லையே."

எங்களுக்குத் தெரிந்த பழைய விஷயம்:
வருகிறவர் எத்தனை பேரானாலும்
தீட்டா பூஜ்யமாகாத வரை
வரிசை எல்லையின்றி நீளாது.
விலகுகிறவர்களால்தான் அது தாங்கி நிற்கிறது.
இருபத்தைந்து வயதில் அது வெறும் தேற்றம்.
இப்போது படித்தால்
யாரோ தோளில் தட்டியது போலவும் இருக்கிறது,
அறைந்தது போலவும்.

"சிறியது அல்லது சமம்" என்று அடித்தேன்,
நோட்டைத் தேடாமல்.
"கீழே உள்ள கோட்டை விட்டுவிடாதே;
சமமாகும் இடம் ஒன்று உண்டு.
பெயர்: கு. வேதவல்லி, கடலூர்."
வேலையைக் குறிப்பிடலாமா என்று யோசிக்கும்போதே
நாற்பத்தேழு வந்து நின்றார், உதட்டில் டீ ஈரம்.
"போய்ட்டேன்னு நெனச்சிட்டீங்களா மேடம்?"

எங்கள் மாதிரியில் திரும்பி வருகிறவர்களுக்கு
எழுத்தே வைக்கவில்லை.
உட்காருங்கள் என்றேன்.