தண்ணீர் மட்டும்

விசுவமடு. வாய்க்காலுக்கு அப்பால் இனிப்புச் சோளன்,
முளைத்து முப்பத்தோராம் நாள்.
பதினாறு துண்டம், மூலைக்கொரு முளை, மஞ்சள் கயிறு.
கட்டும்போதே யோகமலரக்கா சொன்னா:
"இந்தக் காணியில இதோட ரெண்டாந்தரம் கயிறு இழுக்கினம்.
முந்தி வந்தவை முகத்துக்குக் கண்ணாடி போட்டு
முழங்காலில நிண்டு கிண்டினவை.
நீங்கள் என்னத்தைத் தேடுறியள்?"
புழு, என்றேன்.
நல்லாய்ச் சிரித்தா.

பால்மாப் பெட்டி மட்டையில் சீட்டெழுதி
டிலக்சனின் தொப்பிக்குள் குலுக்கினோம்.
மூன்று மருந்து, நாலாவது வெறுந்தண்ணீர்.
கிணற்றடித் துண்டம்,
காணியிலேயே கொழுத்தது,
தண்ணீருக்கு விழுந்தது.

"அதுக்கேன் பிள்ளை மருந்தில்லை?"
ஒன்றைத் தின்னக் கொடுத்தால்தான்
மற்றதில் எவ்வளவு மிஞ்சியதென்று தெரியும், அக்கா.
அவ ஒன்றும் சொல்லவில்லை.
குடத்தை மற்ற இடுப்புக்கு மாற்றினா.

காற்றெழும்ப முன்னம் தெளிப்பு.
டாங்கி முதுகில் கனக்க டிலக்சன்
பின்பக்கமாய் நடந்தான், தெளித்ததற்குள் தான் புகாமல்.
வெறுந்தண்ணீரையும்
அதே முகமூடியோடு, அதே பயத்தோடு தெளித்தான்,
புழுவுக்குத் தெரிந்துவிடக்கூடாது என்பதுபோல.

மூன்றாம் நாள் எண்ணிக்கை.
குருத்தை விரித்தால் ஈர மரத்தூளாய் எச்சம்,
அடியில் அது:
நெற்றியில் கவிழ்ந்த கவட்டை,
வாலருகே சதுரமாய் நாலு புள்ளி.
துண்டத்துக்குப் பத்துச் செடி.
முதல் மருந்தில் இரண்டு, மூன்று.
விலை கூடினதில் ஏழு.
தண்ணீரில் பத்தொன்பது, இருபத்திரண்டு, பதினெட்டு.
கிணற்றடியில் ஒன்று.

திரும்ப எண்ணினேன். ஒன்று.
எச்சம் இருந்தது, இலையில் ஓட்டை இருந்தது,
தின்றதைக் காணவில்லை.

தேத்தண்ணி வந்தது.
கோப்பையை நீட்டிய கையில்
பெருவிரல் நகத்துக்குள் பச்சை.
"ராவில டோர்ச் அடிச்சால்
மேல வந்து நிக்குமாம்" என்றா,
ஆரோ சொல்லிக் கேட்டதுபோல.

நான்காம் நிரலில் ஒன்று என்று எழுதினேன்.
பொய்யில்லை.
குறிப்புக்கென்று விட்ட கட்டம் சின்னது,
இரண்டு சொல்லுக்குத்தான் இடம்.
"இரு விரல்" என்று எழுதி மூடினேன்.
கிளிநொச்சியிலிருந்து கேட்பார்கள்,
எந்தக் கம்பனி,
லீற்றருக்கு எத்தனை மில்லி என்று.